ஐந்தாம் ஆண்டு முகாம்: பள்ளித் திடலா, மலைநடையா, காட்டு முகாமா?

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முகாம் பேச்சு எடுத்தாலே மூன்று குரல்கள் கிளம்பும். ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைக் காட்டுவார்: மூன்று நாள், இரண்டு இரவு, பிளையிங் ஃபாக்ஸ் (கம்பியில் தொங்கிச் சறுக்குவது), கயாக், இரவு நடை, சான்றிதழ், டி-சட்டை. இன்னொருவர் "நம்ம திடல்லயே கூடாரம் அடிச்சா ஆகாதா?" என்பார். மூன்றாமவர், பெரும்பாலும் ஓர் அம்மா, "ராத்திரி தங்கணுமா? காலையில போய் சாயங்காலம் வந்துட்டா என்ன?" என்று கேட்பார். மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் கட்டணத்தை மட்டும் பார்த்து, நடுவில் இருப்பதற்குக் கை தூக்கிவிட்டு எல்லாரும் தேநீருக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை மலேசியாவில் பினாங்குத் தீவிலோ எதிர்க்கரையில் செபராங் பிறையிலோ இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஐந்தாம் ஆண்டு மாணவர் 40 பேர், உடன் வரக்கூடிய ஆசிரியர்கள் ஐந்து பேர், கை கொடுக்கும் பெற்றோர் மூன்று நான்கு பேர். உங்கள் பள்ளி 150க்குக் குறைவான மாணவர் கொண்ட பள்ளி என்றால் நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டுகளைச் சேர்த்து இதே எண்ணிக்கைக்கு வந்துவிடலாம்.

## எதை வைத்து அளப்பது

உடல் அசையும் நிமிடங்கள். விளம்பரத்தில் இருக்கும் நடவடிக்கைகளை எண்ணாதீர்கள். ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் அசைகிறது என்று எண்ணுங்கள். பிளையிங் ஃபாக்ஸில் ஒரே கம்பி இருந்தால், வார் மாட்டி, கொக்கியைச் சரிபார்த்து, இறக்கி, அடுத்த பிள்ளையை நிறுத்த ஒருவருக்கு 3 நிமிடம் ஆகும். 40 பேருக்கு 120 நிமிடம். அதில் ஒரு பிள்ளை படியேறுவதும் சறுக்குவதுமாக ஒரு நிமிடம்கூட அசைவதில்லை. மிச்ச நேரம் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே இரண்டு மணி நேரத்தில் கூடாரம் அடித்து, தண்ணீர் சுமந்து, சமைத்து, பாத்திரம் கழுவும் பிள்ளைக்கு உட்காரவே நேரமிருக்காது.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த அளவுக்கு அசையாத பிள்ளையின் குறையை மூன்று நாள் முகாம் தீர்த்துவிடாது. பள்ளிகளில் ஆண்டுக்கு இரு முறை நடக்கும் செகாக் என்ற உடல்தகுதிச் சோதனையில் மூன்று நிமிடப் படி ஏற்ற இறக்கத்துக்கே மூச்சு முட்டும் பிள்ளை, முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகும் அப்படியேதான் இருக்கும். தெம்பு வருவது முகாமுக்கு முந்திய எட்டு வாரப் பயிற்சியில்தான். ஆகவே எந்த முகாம் அந்த எட்டு வாரத்தைக் கட்டாயமாக்குகிறது என்பதையும் இந்த அளவுகோலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை. அதே வேலையை மறுபடி செய்யும் வாய்ப்பைச் சொல்கிறோம். எங்கள் கணக்கில் எல்லாவற்றையும்விட இதற்கே எடை அதிகம். சோறு குழைந்துவிட்டது, கூடாரத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது, "நீதான் காரணம்" என்று குழுவுக்குள் சண்டை. இதுவரை நடந்தது வெறும் அனுபவம். அதே குழு அதே வேலையைச் சில மணி நேரத்தில் மறுபடி செய்யும்போதுதான் யார் எதை மாற்றிக்கொண்டார்கள் என்பது தெரியும். காலையில் கயாக், மதியம் கயிற்றுப்பாலம், மாலையில் வில்வித்தை என்று ஒவ்வொன்றும் ஒரே தடவையோடு முடிந்தால் தப்பைத் திருத்த இடமே இல்லை.

ஜான் ஹாட்டி குழுவினர் 1997இல் சாகசக் கல்வி பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேறு பல கல்வித் திட்டங்களில் பலன் நாளடைவில் தேயும். இதில் முகாம் முடிந்த பிறகும் வளர்ந்திருந்தது. நீண்ட திட்டங்களில் பலன் கூடுதல் என்பதையும் அதே தொகுப்பு சொல்கிறது. ஒரே இரவில் தலைமைத்துவத்தை ஏற்றிவிடுவதாகச் சொல்லும் விளம்பரங்களை இதை வைத்தே எடை போடலாம். 2014இல் கலிஃபோர்னியாவில் நடந்த இன்னோர் ஆய்வில், ஐந்து நாள் திரையே பார்க்காமல் இயற்கை முகாமில் தங்கிய 51 ஆறாம் வகுப்பு மாணவர்கள், அடுத்தவர் முகத்தையும் உடல்மொழியையும் பார்த்து மனநிலையை ஊகிப்பதில், வழக்கம்போல் பள்ளியில் இருந்தவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். கைபேசியை வாங்கி வைப்பது வெறும் ஒழுங்கு நடவடிக்கை அல்ல என்பதற்கு இதைச் சொல்லலாம்.

யார் விடுபடுகிறார்கள். 40 பேரில் 26 பேர் மட்டும் போனால் அது வகுப்பு முகாம் ஆகாது. வசதியுள்ள பிள்ளைகளின் சுற்றுலா ஆகிவிடும். காசு ஒரு காரணம். பெண் பிள்ளையை இரவு தங்க விடாத வீடு, சைவச் சாப்பாடு, ஆஸ்துமா, படுக்கையை நனைக்கும் பழக்கத்தை வெளியே சொல்லக் கூச்சம் ஆகியவையும் காரணங்களே. கடைசியாகச் சொன்னதைக் காதும் காதும் வைத்ததுபோல் விசாரிக்க ஓர் ஆசிரியை வேண்டும்.

உதவி எவ்வளவு தூரம். கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், நிமிடத்தில் போடுங்கள். தெலுக் பஹாங்கிலிருந்து கெராச்சுட் கடற்கரை வெறும் 3.4 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே சாலை கிடையாது. காலை முறித்துக்கொண்ட பிள்ளைக்குப் படகு வர வேண்டும், அலை கொந்தளித்தால் படகும் வராது.

ஆசிரியர்களின் உழைப்பும் செலவும் கடைசியில் வருகின்றன. அவை எப்படியும் கூட்டத்தில் பேசப்பட்டுவிடும்.

## பள்ளித் திடலில் இரண்டு இரவு

இதை ஏழைகளின் முகாம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டாம் முறை என்ற அளவுகோலில் இதை மிஞ்ச ஆள் இல்லை. வெள்ளி மாலை 4 மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை 10 மணிக்கு முடித்தால் ஐந்து வேளைச் சமையல் வருகிறது: வெள்ளி இரவு, சனி மூன்று வேளை, ஞாயிறு காலை. எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்கள், ஐந்து வேளையும் தாங்களே சமைக்கட்டும்.

எட்டுப் பேருக்குப் பால் டின்னால் இரண்டு டின் அரிசி, அதாவது 600 கிராமுக்குச் சற்று மேல். தண்ணீர் அதே டின்னால் நான்கு. முதல் இரவு சாதமும் சார்டின் சம்பலும் போதும். 425 கிராம் டின் இரண்டு. சைவக் குழுவுக்கு 250 கிராம் மைசூர்ப் பருப்பு, அது ஊறவைக்காமலே 20 நிமிடத்தில் வெந்துவிடும். சமையலாள், துணை, தண்ணீர், பாத்திரம், நேரம் பார்ப்பவர், குழுத்தலைவர் என்று ஆறு அட்டைகள் எழுதி வேளைக்கு வேளை மாற்ற வேண்டும். அட்டை கிடைக்காத இருவர் கழுவுவதிலும் துடைப்பதிலும் சேர்ந்துகொள்ளட்டும். ஆசிரியர் தலைவரைப் பொறுக்கினால் வகுப்புத் தலைவர்தான் தலைவர், மற்றவர்கள் அங்கேயும் வாய் மூடிக்கொள்வார்கள்.

முதல் இரவு ஐந்து குழுவில் ஒன்றாவது சோற்றை அடிப்பிடிக்க விடும். ஆசிரியர் ஓடிப்போய்க் கரண்டியைப் பிடுங்கக் கூடாது. பசியோடு படுக்காமலிருக்க ரொட்டியும் பிளந்தா மார்ஜரினும் ஒரு பெட்டியில் தயாராக இருக்கட்டும். சாப்பிட்டதும் 15 நிமிடம் வட்டமாக உட்கார வைத்து மூன்று கேள்விகள்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, நாளைக் காலையில் எதை மாற்றுவீர்கள். "தண்ணி யார் ஊத்துனா?" என்று பழிபோடுவதில் தொடங்கும் பேச்சு, மூன்றாம் வேளையில் "நீ அளந்து ஊத்து, நான் தீயைப் பாத்துக்கறேன்" என்று மாறுகிறதா என்பதை ஆசிரியர் குறித்துக்கொள்ளலாம். புறப்பாட மதிப்பீட்டுக்கு எழுத இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அடுப்பில் ஒரே ஓர் ஆபத்தைக் கண்டிப்பாகச் சொல்லித்தர வேண்டும். கேன் பொருத்தும் சிறிய கேஸ் அடுப்பில், அடுப்பைவிட அகலமான வாணலியை வைத்தால் சூடு கேன் இருக்கும் அறைக்கு மேலேயே திரும்பி இறங்கும். கேன் சூடேறி வெடிக்கும். இரண்டு அடுப்பை ஒட்டி வைத்து ஒரு பெரிய அண்டாவை ஏற்றுவதும் அதே தப்புதான். 20 சென்டிமீட்டர் பானை போதும்.

கூடாரத்தில் நால்வருக்கு என்று போட்டிருந்தால் பையோடு மூவர்தான் படுக்க முடியும். ஆணும் பெண்ணும் சரிபாதி என்றால் 14 கூடாரம் தேவை. பக்கத்து இடைநிலைப்பள்ளிச் சாரணர் அல்லது கேடட் இயக்கத்திடம் இரவல் கேட்கலாம். மலாயாவில் சாரணர் இயக்கம் 1908இல் தொடங்கியதே பினாங்கில்தான். கூடாரம் வைத்திருக்கும் பள்ளிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. தண்ணீர் புகுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, கீழே விரித்த கன்வாஸ் கூடாரத்தின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது. மழைநீர் அதில் விழுந்து நேராக அடிக்குள் ஓடும். சுற்றிலும் ஒரு சாண் உள்ளே மடித்துவிட வேண்டும். இரண்டு, வெளித்துணி தொய்ந்து உள்துணியில் ஒட்டுவது. ஒட்டிய இடத்தில் கசியும். முளையைக் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டினால் நிற்கும்.

அங்சானா மரத்தடியில் நிழல் இருக்கிறதே என்று கூடாரம் அடிக்காதீர்கள். காற்றில் அதன் கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறியும். இடி கேட்டால் எல்லாரும் மண்டபத்துக்குள் வந்துவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே போகக் கூடாது.

திடல் முகாமின் மறைமுகச் செலவு, வீடு பக்கத்திலேயே இருப்பது. இரவு எட்டரைக்கு வேலியோரம் ஓர் அம்மா பொட்டலத்தோடு நிற்பார். ஒரு பொட்டலம் உள்ளே வந்தால் அடுத்த அரை மணி நேரத்தில் ஒன்பது பொட்டலம் வரும், சமையல் முகாம் அத்தோடு முடிந்தது. வாசல் 8 மணிக்குப் பூட்டப்படும், அவசரத்துக்கு இந்த ஓர் எண் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். வீட்டு ஞாபகத்தில் அழுகை முதல் இரவு விளக்கணைத்த பிறகு வரும். அந்த நேரத்தில் வீட்டுக்குத் தொலைபேசி போட்டுக் கொடுத்தால் அழுகை கூடும். பாத்திரம் அடுக்க, விளக்குப் பிடிக்க என்று ஒரு வேலை கொடுத்து, பக்கத்தில் ஓர் ஆசிரியை உட்கார்ந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொரு செலவு ஆசிரியர்களின் தூக்கம்: இருவர் இருவராக இரண்டு மணி நேரக் காவல். இதைச் சொல்லாமல் "செலவே இல்லை" என்று யாரும் பெருமை பேசக் கூடாது.

உடல் பக்கம் இதன் குறை, திடல் சமதளம். மலை ஏறும் காலும் கரடுமுரடில் சமநிலையும் இதில் வராது.

## நான்கு சனிக்கிழமை மலைநடை

இரவு தங்க முடியாத பள்ளிக்கு இது சமாதானப் பரிசு அல்ல. உடல் பயிற்சி என்ற கணக்கில் இதுதான் முதலிடம். மாதம் ஒரு நடை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினம்.

1884இல் அமைந்த தாவரவியல் பூங்காவுக்குள் முதல் நடை. இரண்டாவது, பூங்கா வாசலிலிருந்து பினாங்கு மலை ஜீப் பாதையில் பாதி வழி வரை போய்த் திரும்புவது. மூன்றாவது, தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் கெராச்சுட் கடற்கரை: போகவர ஏறக்குறைய 7 கிலோமீட்டர், வேரும் சேறுமாக இருக்கும், கடல்நீரும் நன்னீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும் ஏரியும் ஆமைப் பாதுகாப்பு நிலையமும் அங்கே இருக்கின்றன. கடலில் இறங்க வேண்டாம், இழுதுமீன் கொட்டும். நான்காவது, ஜீப் பாதை முழுவதும் 5.1 கிலோமீட்டர் ஏறி, ரயிலில் இறங்குவது. 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த வட்டாரத்துக்குள்தான் இந்த நான்கு நடையும் அடங்குகின்றன. அறிவியல் ஆசிரியருக்கு வேறு காரணம் தேவையில்லை.

செபராங் பிறைப் பள்ளிகள் பாலம் தாண்ட வேண்டியதில்லை. செரோக் தோக்குன் காட்டுப் பூங்காவிலிருந்து 545 மீட்டர் புக்கிட் மெர்தாஜாம் மலைக்குத் தார்ச்சாலையே போகிறது. கீழே செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் பல்லவ எழுத்தில் சமஸ்கிருதம் பொறித்த பாறை இருக்கிறது. கடாரம் பற்றிப் புத்தகத்தில் படித்த பிள்ளைகளை அதன் முன்னால் பத்து நிமிடம் நிறுத்தாமல் திரும்பினால் அது பாவம்.

நேரக் கணக்கில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பெரியவர்களுக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், கூடவே 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய மலையேற்றக் கணக்கு. அதன்படி பினாங்கு மலைக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் மூன்றரை மணி நேரம் வையுங்கள். காலை 7.30க்குக் கிளம்ப வேண்டும். 11 மணிக்கு எங்கே இருந்தாலும் நின்று முடிவெடுப்பது என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் "இன்னும் கொஞ்சம்தானே" என்று இழுத்துக்கொண்டு போய் மதிய மழையில் மாட்டுவீர்கள்.

வேகமான ஐந்து பையன்கள் முன்னால் ஓட, கடைசியில் ஒரு பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு தனியாக வருவது வழக்கமாக நடக்கும் கோளாறு. அந்தப் பிள்ளையை வரிசையில் இரண்டாவதாக நிறுத்துங்கள், பையிலிருக்கும் தண்ணீரை வேகமானவர்கள் பிரித்துச் சுமக்கட்டும். வழிநடத்துபவர் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். ஒரே மாதத்தில் மறுபடி நடக்கப் போகிறார்கள் என்பதால் இங்கேயும் இரண்டாம் முறை கிடைக்கிறது.

30 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பை 3 கிலோவைத் தாண்ட வேண்டாம். அதில் ஒன்றரைக் கிலோ தண்ணீருக்கே போய்விடும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை நின்று எல்லாரும் நான்கைந்து மிடறு குடிக்க வேண்டும், தாகம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கறுப்புப் பள்ளிக் காலணி ஈரப் பாறையில் வழுக்கும். கம்போங் அடிடாஸ் என்று நாம் சொல்லும் ரப்பர் காலணி மலிவு, பிடிமானமும் நன்று; ஆனால் நீளக் காலுறை இல்லாமல் போட்டால் குதிகால் கொப்பளிக்கும். பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்கு அதைச் சாப்பாடு என்றே முடிவு செய்யும்.

மறைமுகச் செலவு வருகைதான். டியூஷன், திருமணம், மாற்றுப் பள்ளிநாள் என்று சனிக்கிழமையைக் கேட்டு வருபவர்கள் அதிகம். 40 பேரோடு தொடங்கியது மூன்றாம் நடையில் 25க்கு இறங்கினால் குழுக்கள் சிதறும். இரவும் இல்லை. அடுத்தவன் குறட்டையைப் பொறுப்பது, இருட்டில் கழிவறைக்குத் தோழியை எழுப்புவது, சண்டை போட்டவனோடே படுக்கையைப் பகிர்வது இவை பகல் நடையில் நடக்காது.

## காட்டு முகாம்: நிறுவனத்தின் தொகுப்பு, 3 நாள் 2 இரவு

பாலேக் பூலாவ் மலைச்சரிவுகள், கூலிம் பக்கம் சுங்கை செடிம் ஆற்றோரம் என்று பினாங்குப் பள்ளிகளுக்கு எட்டும் இடங்கள் உண்டு. வீட்டை விட்டு உண்மையாகவே விலகுவது இதில்தான். சேறு, ஓடை, அட்டை, இருட்டு எல்லாம் அசலானவை. ஆசிரியர்களும் கொஞ்சம் தள்ளி நின்று பிள்ளைகளைக் கவனிக்க முடியும். நல்ல பயிற்றுநர் கையில் பிள்ளை ஒரே நாளில் வேறு ஆளாகத் தெரிவதும் உண்டு.

கோளாறு அட்டவணையில் இருக்கிறது. கொடுத்த காசுக்கு நிறைய நடவடிக்கை வேண்டும் என்று நாம் கேட்பதால் அவர்கள் பத்து நடவடிக்கையை அடைக்கிறார்கள். பத்தும் ஒருமுறைதான். சாப்பாடு கேட்டரிங். பிள்ளைகள் முடிவெடுக்க எதுவுமே மிச்சமில்லை. ஆகவே விலை பேசுவதற்கு முன் அட்டவணையைப் பேசுங்கள்: நடவடிக்கைகளைப் பாதியாக்கி, குறைந்தது இரண்டு வேளை குழுச் சமையல், தெப்பம் கட்டுவது இரண்டு முறை.

தெப்பம் ஏன் என்றால், உடலும் சமூகப் பாடமும் அவ்வளவு நெருக்கமாக வேறு எதிலும் சேர்வதில்லை. 120 லிட்டர் பீப்பாய் நான்கு, மூங்கில் ஆறு, மூன்று மீட்டர் கயிறு பதினாறு. நான்கு பீப்பாயும் சேர்ந்து 480 கிலோ தாங்கும். 35 கிலோ வீதம் எட்டுப் பிள்ளை 280 கிலோ, மூங்கிலோடு சேர்த்தாலும் மிதக்கும். ஆனாலும் முதல் தெப்பம் பிரிந்துவிடும். மூங்கிலைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவார்கள். கடைசியில் இரண்டு மூங்கிலுக்கும் நடுவே குறுக்காக இரண்டு மூன்று சுற்றுப் போட்டு இறுக்க மறந்துவிடுவார்கள். கயிறு நனைந்து தளர்ந்து பீப்பாய் நழுவும். எட்டுப் பேரும் தண்ணீரில் விழுந்து சிரித்துக்கொண்டே கரையேறியதும், "இப்போ மறுபடி கட்டுங்க, 40 நிமிஷம்" என்று சொல்லும் பயிற்றுநர்தான் தேவை. அளவான உயிர்காப்பு உடுப்போடு, அசையாத குளத்தில் மட்டும்.

ஆறு வேறு கதை. மேலே மலையில் பெய்த மழை, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கெப்பாலா ஆயராக, அதாவது திடீர் வெள்ளமாக, வந்து சேரும். தண்ணீர் திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது: மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும், செருப்பை எடுக்கத் திரும்பக் கூடாது. ஓடையில் விளையாடிய பிள்ளைக்கு அடுத்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் "ஆற்றில் இறங்கினான்" என்று மருத்துவரிடம் பெற்றோர் சொல்ல வேண்டும். எலிச் சிறுநீர்க் காய்ச்சலை டெங்கி என்று நினைத்து நாளை வீணாக்கக் கூடாது. பெற்றோர் கடிதத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

இடத்தின் உரிமத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலி அருகே முகாமிடம் ஒன்றின்மேல் மலை சரிந்து 31 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஓட நேரமில்லை. அந்த முகாமிடம் உரிமம் இல்லாமல் நடந்தது. ஊராட்சி மன்ற உரிமம், சரிவுக்கும் ஆற்றுக்கும் கூடாரம் எவ்வளவு தூரம், முதலுதவிச் சான்றிதழ் வைத்திருப்பவர் யார், வார்களையும் கொக்கிகளையும் கடைசியாகச் சோதித்த பதிவு, மழை பெய்தால் மாற்றுத் திட்டம், பக்கத்து மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம். இந்த ஆறுக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

அட்டவணையில் "முஹாசபா" என்றோ "உணர்வுப் பகிர்வு" என்றோ கடைசி இரவில் ஒன்று இருந்தால் என்னவென்று கேளுங்கள். விளக்கை அணைத்து, சோக இசை போட்டு, "உன் அம்மா செத்துப்போனதா நெனச்சுப் பாரு" என்று 11 வயதுப் பிள்ளைகளை அழவைக்கும் பழக்கம் நம் நாட்டு முகாம்களில் இன்னும் ஒழியவில்லை. அழுகையைப் பாடம் என்று யாரோ குழப்பிக்கொண்டார்கள். உண்மையிலேயே அம்மாவை இழந்த பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் இருக்கலாம். அதை அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள்.

மறைமுகச் செலவுகள்: பேருந்து, ஓட்டுநர் தங்கும் செலவு, சைவச் சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம், கடைசி நேரத்தில் விலகும் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்காத பணம். பயிற்றுநர்கள் மலாயிலேயே பேசுவதால் கூச்சமுள்ள பிள்ளைகள் பின்வரிசைக்குப் போவதும் ஒரு செலவுதான். குழுவுக்கு ஒரு தமிழ் பேசும் பெரியவர் இருந்தால் பாதி தீரும்.

லூமுட் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைச் சிலர் கேட்பார்கள். 1954இல் தொடங்கிய அது ஆசியாவின் முதல் அவுட்வர்ட் பவுண்ட், கடலும் காடும் சேர்ந்த நீண்ட பயிற்சிக்குப் பெயர் பெற்றது. படிவம் நான்குக்குப் போன உங்கள் முன்னாள் மாணவர்களுக்குச் சங்கம் கட்டணம் கட்டலாம். பத்து வயதுக்கு அது இப்போது வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | பள்ளித் திடல் | நான்கு மலைநடை | காட்டு முகாம் |
|---|---|---|---|
| உடல் அசைவு | வேலை நிறைய, ஏற்றம் இல்லை | மிக நன்று, மாதக்கணக்கில் நீடிக்கும் | அட்டவணையைப் பொறுத்தது. வரிசையில் நேரம் போகும் |
| இரண்டாம் முறை | ஐந்து வேளையும் | மாதம் ஒருமுறை | கேட்டு வாங்கினால்தான் |
| இரவின் பாடம் | உண்டு, வீடு பக்கம் | இல்லை | முழுமையாக உண்டு |
| விடுபடுபவர்கள் | மிகக் குறைவு | சனிக்கிழமை வேலை உள்ளவர்கள் | காசில்லாதவர், அனுமதி கிடைக்காத பெண் பிள்ளைகள் |
| உதவி வரும் வேகம் | நிமிடங்கள் | ஜீப் பாதையில் வாகனம் வரும், கெராச்சுட்டில் படகுதான் | இடத்தைப் பொறுத்தது |
| ஆசிரியர் உழைப்பு | மிக அதிகம் | நடுத்தரம் | அங்கே குறைவு, காகித வேலை அதிகம் |

## எந்தப் பள்ளிக்கு எது

இதுவரை முகாமே நடத்தாத பள்ளி திடலில் தொடங்கட்டும். நான்காம் ஆண்டில் திடலில் தூங்கிப் பழகிய பிள்ளையை ஐந்தாம் ஆண்டில் காட்டுக்கு அனுப்பும்போது பெற்றோரின் தயக்கம் பாதியாகியிருக்கும். பெண் பிள்ளைகளின் வீடுகளில் "ரெண்டு ராத்திரி நம்ம ஸ்கூல்லயே தங்கினாளே" என்பதைவிடப் பெரிய சிபாரிசு இல்லை.

செகாக்கில் மாணவர்கள் தொடர்ந்து பின்தங்கும் பள்ளி, அல்லது உடன் வர இரண்டு மூன்று ஆசிரியர் மட்டுமே உள்ள பள்ளி, மலைநடையை எடுக்கலாம். கூடவே வாரம் இரண்டு நாள் 20 நிமிடம் படிக்கட்டு ஏற்றம்: முதல் வாரம் பை இல்லாமல், நான்காம் வாரம் ஒரு கிலோ, எட்டாம் வாரம் 3 கிலோ.

வகுப்புக்குள் கோஷ்டி பிரிந்து கிடந்தால், அல்லது இரண்டு மூன்று சிறு பள்ளிகள் சேர்ந்து நடத்தினால், காட்டு முகாம் காசுக்குத் தகும். யாருடைய திடலும் அல்லாத இடத்தில்தான் எல்லாரும் புதியவர்கள். அப்போதும் ஒரு நாள் மலைநடை முன்னால் போட்டுப் பாருங்கள். யார் மூச்சிரைக்கிறார்கள், யாருக்கு இன்ஹேலர் வேண்டும் என்பது பள்ளி அருகிலேயே தெரிந்துவிடும்.

பணம் இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் போதாது என்ற நிலையில், 26 பேரைக் காட்டுக்கு அனுப்புவதைவிட 40 பேரும் திடலில் தூங்கி, மறுமாதம் 40 பேரும் மலை ஏறுவது மேல் என்பது எங்கள் முடிவு.

## தேதியும் காகிதமும்

பினாங்கில் மழை செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை உச்சம். ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடியோடு இன்னொரு சுற்று. ஜனவரி, பிப்ரவரி வறண்டவை, ஆனால் வெயில் சுடும். ஆற்றோர முகாமை மழை உச்சத்தில் போடவே வேண்டாம்.

மாவட்டக் கல்வி அலுவலக அனுமதி கைக்கு வருமுன் பேருந்துக்கோ முகாமுக்கோ முன்பணம் கட்டாதீர்கள். பெற்றோர் சம்மதக் கடிதத்தில் மருந்து, ஒவ்வாமை, நீச்சல் தெரியுமா, உணவு, தொடர்புக்கு இரண்டு எண்கள் இருக்க வேண்டும். அதன் ஒரு நகல் குழு ஆசிரியரின் பையில், பிளாஸ்டிக் உறையில். அலுவலக அலமாரியில் இருக்கும் நகல் மலையில் உதவாது.

திரும்பிய அன்றே கூடாரங்களைப் பிரித்து மண்டபத்தில் பூப்பந்து வலைக் கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், ஈரத்தோடு சுருட்டினால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பூத்துவிடும். இரவல் கொடுத்த பள்ளி அடுத்த ஆண்டு தராது. உலர்த்துவதும் முளைகளை எண்ணிக் கட்டுவதும் குழுக்களின் வேலை. ஒரு கூடாரத்துக்கு இத்தனை முளை என்று இரவல் வாங்கும்போதே பையின் மேல் எழுதி வைத்திருந்தால்தான் எண்ணிக்கை சரியா என்று பார்க்க முடியும்.